நாயை அறிவோம்; ஓவியரை அறிவோமா?

மறையூர்க் கடைத்தெருவில் என் தாத்தா ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தார். மைக் செட்டுக்காரர் என்றால்தான் ஊராருக்குத் தெரியும். அஞ்சுநாட்டுக் கிராமங்களில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எது நடந்தாலும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் மலைமேல் நின்று முழங்கும். அந்தக் கடையின் முகப்பில் சட்டமிட்ட பெரிய புகைப்படம் ஒன்று தொங்கிற்று. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எடுத்த படம் அது. வீட்டு நாய் மணி, ஒலிபெருக்கிக் குழாயின் வாய்க்கு நேரே குந்தி, தலையைச் சற்றே சாய்த்து, உலகத்தையே மறந்து உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கும். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும் பேருந்துக்காகக் காத்து நிற்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். கரும்பாலையிலிருந்து சர்க்கரை உருண்டை ஏற்றி வருபவரும், சந்தனக் காட்டுக் காவலுக்குப் போகிறவரும் ஒரு நிமிடம் நின்று சிரித்துவிட்டே போவார்கள். எங்கள் ஊரில் கலைக்கூடம் கிடையாது. இருந்த ஒரே பொதுக்காட்சி அந்த நாய்ப்படந்தான்.

படம் எடுத்தவர் உடுமலையிலிருந்து வந்த ஒரு புகைப்படக்காரர். மணி எதற்கும் அசையவில்லையாம். கூப்பிட்டாலும் வராது, வந்தாலும் உட்காராது. கடைசியில் ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்துக் குழாயின் உள்ளே வைத்தார்களாம். அதன்பின் மணியின் இசைப்பற்றுக்கு எல்லையே இல்லை!

இந்தப் படத்திற்கு மூலமாக இருந்த படத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பழைய இசைத்தட்டின் நடுவட்டத்தில், கிராமபோன் குழலின் முன் வெள்ளை நாய் ஒன்று அமர்ந்திருக்குமே, அதுதான். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அந்த நாயை வைத்து நான் ஒரு பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கினேன். தலைப்பு, செய்ந்நன்றி. எசமானர் இறந்துபோனார் என்றும், அவருடைய சவப்பெட்டியின்மேல் அமர்ந்த நாய் இசைக்கருவியிலிருந்து வரும் அவர் குரலைக் கேட்டுக் கண்ணீர் விட்டது என்றும், அந்தக் காட்சியைக் கண்ட ஓவியர் அப்படியே தீட்டினார் என்றும் உருக்கமாகப் பேசினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஓர் எவர்சில்வர் தம்ளர் கிடைத்தது.

தாத்தா தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எசமானர் செத்தது எந்த ஆண்டு, பெட்டி வந்தது எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பல்கலைக்கழகத்திற்கு வந்து நூலகத்தில் அமர்ந்து தேடிய பிறகுதான் அந்தக் கேள்வியின் கூர்மை எனக்குப் புலப்பட்டது. நான் சொன்ன கதை பொய். உண்மைக் கதை அதைவிடப் பெரிது. அந்தப் பொய்க்குக் கழுவாயாக, நாயைத் தீட்டிய பிரான்சிஸ் பரோ என்ற ஓவியரின் வாழ்க்கையை நம் பேரவை மலரில் எழுத முன்வந்தேன்.

வண்ணம் குடும்பச் சொத்து

பிரான்சிஸ் ஜேம்ஸ் பரோ 1856-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். பிரான்சு நாட்டிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்தில் குடியேறிய ஹியூகனாட்டு மரபைச் சேர்ந்தது அவர் குடும்பம். தந்தை ஹென்றி பரோ ஓவியர். பெரியப்பா வில்லியம் பரோவும் ஓவியர். குதிரை, வேட்டைநாய் முதலிய விலங்குகளை வரைவதில் இருவரும் பெயர் பெற்றவர்கள். பண்ணையார்கள் தங்கள் குதிரையையும் நாயையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எழுதிக்கொள்ள ஆசைப்பட்ட காலம் அது. ஆகவே, விலங்கின் முகத்தில் ஒரு குணத்தைக் காணும் கண் நம் ஓவியருக்குத் தந்தைவழிச் சொத்தாகவே வாய்த்தது எனலாம்.

ஹென்றி பரோவின் இன்னொரு படமும் நினைக்கத் தக்கது. தேவாலயத்தில் பாடும் மூன்று சிறுவர்களை அவர் வரைந்தார். அச்சுப்படியாக அது இங்கிலாந்தில் எண்ணற்ற வீடுகளின் சுவரேறிற்று. தந்தை, பாடுகிறவர்களை வரைந்து புகழ் பெற்றார். மகன், கேட்கிறதை வரைந்து புகழ் பெற்றார்.

பிரான்சிஸ் இலண்டனில் ஹீதர்லி ஓவியப் பள்ளியிலும், இராயல் அகாடமிப் பள்ளியிலும் பயின்றார். அகாடமிப் பள்ளியில் வெள்ளிப்பதக்கமும் பெற்றார். பின்பு பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகரிலும் படித்தார். பயிற்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால், பயிற்சி பெற்ற ஓவியர் பலர் இருந்தனர், வாங்குவோர் சிலரே. நல்ல கையும் நடுத்தர வருவாயும் உள்ள ஒரு கலைஞராக அவர் நாற்பது வயதைக் கடந்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிப்பர் வருகிறது

பிரான்சிசின் அண்ணன் மார்க் ஹென்றி பரோ, பிரிஸ்டல் நகரத்தில் நாடகக் கொட்டகைக்குத் திரைச்சீலை எழுதுபவர். நம்மூர் நாடகக் கம்பெனிகளில் அரண்மனையும் கானகமும் எழுதித் தொங்கவிட்டவர்களை எண்ணிக்கொள்ளுங்கள், அதே தொழில். 1884-இல் பிரிஸ்டலில் பிறந்த ஒரு குட்டிநாய் அவரிடம் வளர்ந்தது. வெள்ளை உடல், கருங்காது. டெரியர் வகையில் கலப்பினம். வீட்டுக்கு வருகிறவர்களின் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து வெடுக்கென்று கவ்வும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால் நிப்பர், அதாவது கடிப்பான், என்று பெயரிட்டார்கள். எலியைத் துரத்துவதிலும் மற்ற நாய்களோடு மல்லுக்கு நிற்பதிலும் சளைக்காத வீரனாம் அது. எசமான பக்திக்கு இலக்கணமாக உலகம் கொண்டாடும் நாயின் பெயர்க்காரணம் இதுதான்!

மார்க் 1887-ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார். நாய் தம்பியிடம் வந்தது. பிரான்சிஸ் அதை லிவர்பூலுக்குத் தம்முடன் கூட்டிச் சென்றார். அவர் வீட்டில் ஒரு போனோகிராப் இருந்தது. தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் கண்டுபிடித்த கருவியின் பிற்கால வடிவம் அது. மெழுகு உருளையின்மேல் ஊசி ஓடும்; உருளையின் பள்ளங்கள் ஊசியை அசைக்கும்; ஊசியின் அசைவு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும்; அந்த அதிர்வு குழல்வழியே குரலாக வெளிவரும். ஆளில்லாத இடத்திலிருந்து ஆளின் குரல் வருவதைக் கேட்டு நாய் திகைக்கும். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குழலை உற்றுப் பார்க்கும். இதைத் தாம் அடிக்கடி கண்டதாக ஓவியர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நிப்பர் முதுமையில் மார்க்கின் மனைவியிடம், இலண்டனை அடுத்த கிங்ஸ்டன் என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 1895 செப்டம்பரில் இறந்தது. அங்கேயே ஒரு முசுக்கொட்டை மரத்தடியில் அதைப் புதைத்தார்கள்.

செத்த நாய், பிறந்த படம்

நாய் இறந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. அதன் பிறகுதான் ஓவியருக்கு அந்தக் காட்சி திடீரென்று மனத்தில் எழுந்தது. அறிவும் திகைப்பும் கலந்த முகத்தோடு நாய் குழலைக் கேட்பதாகத் தீட்டினால் நல்ல படமாகும் என்று எண்ணினார். தீட்டினார். 1899 பிப்ரவரி 11-ஆம் நாள் அதைப் பதிவும் செய்துகொண்டார். அப்போது அவர் தந்த தலைப்பு, போனோகிராப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நாய் என்பது. பின்னர் அதை மாற்றி, தன் எசமானரின் குரல் என்று பொருள்படும் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் என்ற பெயரைச் சூட்டினார்.

பெயர் சூட்டியாயிற்று, யார் வாங்குவது? இராயல் அகாடமிக் கண்காட்சிக்கு அனுப்ப முயன்றார், இடம் கிடைக்கவில்லை. பத்திரிகைகளிடம் கொண்டுபோனார், நாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் விளங்காது என்று தள்ளினார்கள். படத்தில் இருந்த கருவியை விற்றுவந்த எடிசன் பெல் கம்பெனியாரிடம் போனார். நாய்கள் போனோகிராப் கேட்பதில்லை என்று சொல்லி அவர்கள் அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதும் முற்றிலும் தவறன்று. அக்காலத்துப் பதிவுகளில் நொடிக்கு ஏறத்தாழ 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி சரியாக ஏறுவதில்லை. மனிதக் காது 20,000 வரை கேட்கும். நாயின் காது 40,000-க்கும் மேலே கேட்கும். அவ்வளவு கூரிய செவிக்கு அந்தக் கரகரத்த குரல் எசமானரின் குரலாகவே தோன்றியிருக்குமா என்பது ஐயந்தான். ஆனால், அந்த ஐயமே அல்லவா நாயின் முகத்தில் எழுதியிருக்கிறது? குரல் தெரிந்த குரல் போல் இருக்கிறது, ஆளைக் காணோம், மணமும் இல்லை. இது என்ன மாயம் என்று தலையைச் சாய்க்கிறது நாய். அந்தத் தலைச்சாய்வைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்புப் படமாகத்தான் அவர் அதைத் தீட்டினார்.

நூறு பவுன்

ஒருவரும் வாங்காத படத்தில் ஏதோ குறை என்று ஓவியர் எண்ணினார். கருவியின் குழல் கறுப்பாக இருக்கிறது. பளபளக்கும் பித்தளைக் குழலாக மாற்றினால் படம் எடுக்கும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பித்தளைக் குழல் எங்கே கிடைக்கும்? இலண்டனில் மெய்டன் லேன் என்ற தெருவில் கிராமபோன் கம்பெனி புதிதாகத் தொடங்கியிருந்தது. 1899-ஆம் ஆண்டுக் கோடையில், தம் ஓவியத்தின் புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு குழலை இரவல் கேட்க அங்கே போனார் பரோ. நண்பர்களே, இதை நினைத்துப் பாருங்கள். விற்கப் போகவில்லை, இரவல் கேட்கப் போனார்!

கம்பெனியின் நிர்வாகி வில்லியம் பாரி ஓவன் புகைப்படத்தைப் பார்த்தார். படம் விலைக்கா என்று கேட்டார். படத்தில் உள்ள போனோகிராப்பை எடுத்துவிட்டு எங்கள் கிராமபோனை வைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்ற கருத்தைச் சொன்னார். பேரம் முடிந்தது. ஓவியத்திற்கு 50 பவுன். அதை அச்சிட்டு வழங்கும் உரிமைக்கு 50 பவுன். ஆக 100 பவுன்.

ஓவியர் தூரிகையை எடுத்தார். உருளைக் கருவியை வண்ணத்தால் மூடினார். எமில் பெர்லினர் கண்டுபிடித்த தட்டுக் கருவியை அதன்மேல் எழுதினார். மூலப்படத்தைச் சாய்வொளியில் பார்த்தால் அடியில் பழைய கருவியின் உருவரை இன்னும் தெரியும் என்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எடிசனின் உருளைக் கருவியில் வீட்டில் இருப்பவர் தம் குரலைத் தாமே பதிந்துகொள்ளலாம். எசமானர் பேசிப் பதிய, நாய் அதைக் கேட்கலாம். கிராமபோனிலோ வெளியே பதிந்த தட்டைப் போட்டுக் கேட்கத்தான் முடியும். வீட்டில் பதிய முடியாது. ஆகவே, கருவி மாறிய கணத்தில் படத்தின் தலைப்புக்குப் பொருள் போய்விட்டது. எந்தக் கருவியில் எசமானர் குரல் இருக்க முடியாதோ, அந்தக் கருவிக்கே எசமானர் குரல் என்ற பெயர் நிலைத்தது. உலகம் அதைக் கவனிக்கவில்லை. நாயின் முகம் அவ்வளவு நன்றாக இருந்தது.

நாய் உலகை வலம் வந்தது

1900 முதல் கம்பெனியின் விளம்பரங்களில் நாய் தோன்றிற்று. அதே ஆண்டு ஜூலையில் பெர்லினர் அமெரிக்காவில் அதை வாணிகச் சின்னமாகப் பதிந்தார். அங்கிருந்து விக்டர் கம்பெனிக்குப் போயிற்று. அமெரிக்காவின் காம்டன் நகரில் விக்டர் ஆலையின் கோபுரத்தில் நான்கு பக்கமும் வட்ட வடிவான வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வைத்து, அவற்றில் இந்த நாயையே பொருத்தினார்கள். தேவாலயத்தில் புனிதர்களை வைக்கும் இடத்தில் கெண்டைக்காலைக் கடித்த நிப்பர்! ஆல்பனி நகரில் ஒரு கட்டடத்தின் உச்சியில் 28 அடி உயரத்துக்கு அதற்குச் சிலை நிற்கிறது. பிறந்த ஊரான பிரிஸ்டலிலும் சுவர்மேல் சிறு சிலை உண்டு. புதைத்த ஊரான கிங்ஸ்டனில் அந்த இடத்தில் வங்கி எழுந்தது. அதில் நினைவுப் பலகை வைத்தார்கள். 2010-இல் அருகிலுள்ள ஒரு சந்துக்கு நிப்பர் சந்து என்றே பெயரிட்டார்கள். ஒரு நாயின் உருவம் இப்படிக் கோபுரத்திலும் கூரையிலும் தெருமுனையிலும் பொதுமக்கள் கலையாக நின்றதற்கு வேறு எடுத்துக்காட்டுச் சொல்வது அரிது.

நம் நாட்டுக்கு நாய் வருமுன்பே கம்பெனி வந்துவிட்டது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். அப்போது தட்டின்மேல் இருந்த சின்னம் நாய் அன்று. தட்டில் எழுதும் தேவதையின் உருவம். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாப் பகுதியில் இங்கேயே ஆலை ஏற்பட்டது. 1928-இல் டம்டம் நகரில் பெரிய ஆலை வந்தது. பின்னர்த் தேவதை பறந்துபோக, அவள் இடத்தில் நாய் வந்து உட்கார்ந்தது.

தட்டு எதனால் ஆனது என்பதையும் நாம் அறிய வேண்டும். அரக்குத்தான் அதற்கு முதற்பொருள். நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் சிறு பூச்சிகள் சுரந்து வைக்கும் அரக்கு. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் மாளிகை கட்டிய அதே அரக்கு, கப்பலேறிப் போய், பாட்டாகித் திரும்பி வந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. நிமிடத்திற்கு 78 சுற்று. தட்டுச் சுழன்றால் நாயும் சுழலும். நாயின் முகத்தைப் பிடிக்க முடிகிறதா என்று கண்ணைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துத் தலைசுற்றி விழுந்த கதையைத் தாத்தா சொல்வார்.

தமிழ்நாட்டில் அதை நாய் மார்க்குத் தட்டு என்றே சொன்னார்கள். ஆங்கில எழுத்துத் தெரியாதவர்களும் நாயைப் பார்த்து வாங்கினார்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் முதன்முதலில் இசைத்தட்டில் ஏறியபோது அவருக்கு வயது பத்து. அவர் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் நெடுந்தட்டாக வந்தது. விடியற்காலையில் அதைச் சுழலவிட்ட வீடுகளில் பெருமாளைத் துயிலெழுப்பும் பாட்டோடு நடுவட்டத்து நாயும் சுற்றி வந்தது. சமையலறைக்குள் நாயை விடாத வீட்டிலும் பூசை அறைக்கு அருகே இந்த நாய் இடம் பெற்றுவிட்டது. கடித்துப் பிழைத்த பிராணிக்கு இதைவிடப் பெரும்பேறு வேறு வேண்டுமா?

படி எடுத்த கை

நாய் இப்படி ஊர்வலம் வந்துகொண்டிருக்க, ஓவியர் என்ன ஆனார்?

100 பவுன் செலவாகி வெகுநாள் ஆயிற்று. சின்னம் விற்ற தட்டுகளின் எண்ணிக்கைக்கும் அவருக்கும் சட்டப்படி தொடர்பு இல்லை. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வேறு படங்கள் வரைந்தார். அவற்றைக் கேட்பார் இல்லை. 1913-இல் கம்பெனியார் அவரைத் தேடி வந்தார்கள். புதுப் படம் கேட்கவில்லை. பழைய படத்திற்கே ஒரு படி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். இன்னொன்று கேட்டார்கள். அதையும் எழுதினார். இவ்வாறு தம் இறுதிக்காலம் வரை அதே நாயை, அதே குழலை, அதே தலைச்சாய்வை 24 முறை படி எடுத்தார்.

இருபத்துநான்கு முறை! தந்தையிடமும் இராயல் அகாடமியிலும் ஆண்ட்வெர்ப்பிலும் கற்ற கை, தன் சொந்தப் படத்தையே பார்த்து எழுதும் கையாயிற்று. குழல் ஒருபுறம் நாயைக் கட்டி வைத்தது. நாய் மறுபுறம் ஓவியரைக் கட்டி வைத்தது.

ஆயினும், ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைக் கொடுமைக் கதையாக மட்டும் முடித்துவிட்டால் நான் மறுபடியும் ஒரு தம்ளருக்குப் பேசியவன் ஆவேன். கம்பெனியார் அவரைக் கைவிட்டுவிடவில்லை. 1919-இல் ஆண்டுக்கு 250 பவுன் ஓய்வூதியம் அளித்தார்கள். பிறகு அதை உயர்த்தியும் கொடுத்தார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத பணம் அது. பரோவும் மனம் கசந்தவராகத் தெரியவில்லை. அந்தக் காட்சி தம் மனத்தில் தோன்றியதைத் தம் வாழ்வின் நற்பேறாகவே கருதி எழுதியிருக்கிறார். படி எடுத்த ஒவ்வொரு முறையும் இறந்துபோன தம் நாயை அவர் மீண்டும் ஒருமுறை உட்கார்த்தி வைத்தார் அல்லவா? அது வருத்தமா, மகிழ்ச்சியா என்பதை அந்தத் தூரிகைதான் அறியும்.

1921-இல் இலண்டன் ஆக்ஸ்போர்டுத் தெருவில் நாயின் பெயர்ப்பலகையோடு பெரிய இசைத்தட்டுக் கடை திறக்கப்பட்டது. இசை மேதை எட்வர்டு எல்கர் வந்து திறந்து வைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1924 ஆகஸ்டு 29-ஆம் நாள், தமது 68-ஆம் வயதில் பிரான்சிஸ் பரோ மறைந்தார்.

தாத்தாவின் கேள்விக்கு விடை

இனி அந்தச் சவப்பெட்டிக்கு வருகிறேன். நாய் அமர்ந்திருக்கும் தளம் பளபளப்பாக இருக்கிறது. நாயின் நிழல் அதில் தெரிகிறது. அதைக் கண்டவர்கள் சவப்பெட்டி என்று கதை கட்டினார்கள். கதைக்கு எசமானராக மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

தாத்தா கேட்டபடி ஆண்டுகளைப் பாருங்கள். மார்க் இறந்தது 1887. எடிசன் தம் கருவியைப் பல ஆண்டு ஒதுக்கி வைத்துவிட்டு, மெழுகு உருளையோடு திருத்தி வெளியிட்டது 1888. கருவி வீடுகளுக்குப் பரவியது அதற்கும் பின்பு. வறுமையில் கிடந்த நாடகத் திரை ஓவியர் சாவதற்கு முன் தம் குரலைப் பதிந்து வைத்தார் என்பது நம்பத்தக்கதா? நாயே இறந்தது 1895. படம் எழுதியது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. சவப்பெட்டியின்மேல் நாய் அமர்ந்த காட்சியை யார் கண்டது? ஓவியர் தம் குறிப்பில் இறந்தவர் பேச்சையே எடுக்கவில்லை. நாய் குழம்பியது, அது பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவே அவர் சொன்னது.

பின் ஏன் அந்தக் கதை இவ்வளவு பரவிற்று? என்னையே நான் கேட்டுக்கொண்டேன். சிரிப்பை நாம் மதிப்பதில்லை என்பதே காரணம் என்று தோன்றுகிறது. சிரிக்க வைத்த படத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்கிறோம். அழ வைத்த படத்தைத்தான் கலை என்கிறோம். எனவே, நமக்குப் பிடித்துப்போன ஒரு சிரிப்புப் படத்திற்குப் பெருமை சேர்க்க நினைத்து, அதன் அடியில் ஒரு சவப்பெட்டியைச் செருகிவிட்டோம். நாய் திகைத்ததையும், அதைப் பார்த்து ஒரு மனிதர் புன்னகை செய்ததையும், அந்த நாய் போன பிறகும் அந்தப் புன்னகையை அவர் மறக்காததையும் விட்டுவிட்டோம். அன்பு என்பது அழுகையில் மட்டுமா இருக்கிறது? செத்துப்போன நாயை நினைத்து ஒருவர் சிரிப்புப் படம் எழுதினார் என்றால், அது என்ன குறைந்த அன்பா?

நான் பேசிய பேச்சில் இன்னொரு பிழையும் உண்டு. பத்து நிமிடம் பேசினேன். பரோவின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, கேட்டவர்களும் கேட்கவில்லை. படத்தின் கீழ்மூலையில் அவர் கையெழுத்து இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் நாயைப் பார்த்தார்கள். மூலையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எங்கள் மறையூரில் பாறைக் குகைகளில் பழங்கால மனிதர் எழுதிய விலங்கு ஓவியங்கள் உள்ளன. முனியறைகளைப் பார்க்க வருகிறவர்கள் அவற்றையும் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவற்றை எழுதியவர் பெயரை இனி யாராலும் சொல்ல முடியாது. காலம் விழுங்கிவிட்டது. அது போகட்டும். பெயர் எழுதி வைத்தவரையும் நாம் படிக்காமல் விட்டால், அந்தப் பழி காலத்தின்மேல் சாராது, நம்மேல்தான் சாரும்.

தாத்தா இப்போது இல்லை. கடையும் இல்லை. மணியின் படம் எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் தொங்குகிறது. சென்ற விடுமுறையில் போயிருந்தபோது அதைக் கழற்றித் துடைத்தேன். சட்டத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. புகைப்படக்காரரின் பெயர். தாத்தாவின் கையெழுத்து. அவர் எழுதி வைத்திருந்தார். நாங்கள் ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படத்தின்கீழ் ஒட்டினேன். வழியோடு போகிறவர்கள் இப்போது நாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெயரையும் படித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த எவர்சில்வர் தம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில்தான் எனக்குக் காப்பி கொடுக்கிறார்கள். குடிக்கும்போதெல்லாம் சற்றே சுடுகிறது.